பழைய ஜீப்பில் கூலன்ட் ஒழுகுகிறதா? மலையேறும் முன் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகிறவர்களுக்கு லோயர் கேம்ப் தெரிந்த இடம். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரமும் கொடுத்துவிட்டு எங்கள் வயல்களுக்குப் போகிறது. 1895 முதல் தண்ணீர் இந்த மலையிலிருந்து கீழே வந்துகொண்டிருக்கிறது. அதே மலையில் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீரைச் சுமந்துகொண்டு மேலே போகிற கூட்டம் ஒன்றும் உண்டு. பழைய ஜீப் வைத்திருக்கும் நாங்கள்தான் அது.

என்னுடையது அப்பா ஏலத்தோட்ட வேலைக்காக வாங்கிய டீசல் ஜீப். பித்தளை ரேடியேட்டர், பெல்ட்டில் சுற்றும் விசிறி, ஏசி கிடையாது. இப்படிப்பட்ட வண்டியில் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்தால் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் தேடத் தெரிய வேண்டும். ஒரு முறை வாட்டர் பம்புக்கு அடியில் ஈரம் தெரிந்தது. பட்டறையில் காட்டினேன், வாட்டர் பாடி (பம்புக்குப் பட்டறையில் அதுதான் பெயர்) போய்விட்டது என்றார்கள். புதியது போட்ட மறு வாரமே அதே இடத்தில் ஈரம். அடுத்து ரேடியேட்டரை இறக்கிப் பற்றுவைத்தார்கள். ஈரம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு நானே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: மேல் ஹோஸின் கிளாம்புக்கு உள்ளிருந்து நூலாக வழிந்ததை விசிறிக் காற்று பின்னால் தள்ளிப் பம்ப் மேல் தெளித்துக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன ஒரு கிளாம்புக்காக ஒரு பம்பும் ஒரு பற்றுக்கூலியும் தண்டம். அன்றிலிருந்து சொட்டு விழுகிற இடத்தை நான் நம்புவதில்லை.

மலையில் மட்டும் ஏன் ஒழுகுகிறது?

"கீழே நன்றாகத்தானே ஓடியது" என்பதுதான் எல்லோரும் சொல்வது. சமவெளியில் நான்காவது கியரில் போகும்போது காற்று ரேடியேட்டரைத் தழுவிக்கொண்டே இருக்கும். என்ஜினுக்குச் சுமை குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியர், அதிக சுழற்சி, இருபது கிலோமீட்டர் வேகம். சூடு ஏறும், காற்று வராது. சூடு ஏற ஏற உள்ளே அழுத்தமும் ஏறும். கீழே மூடிக்கொண்டிருந்த மயிரிழை வெடிப்பு அங்கே வாயைத் திறக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். குமுளி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் வைத்தால் அங்கே வெறும் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் வண்டியில் அது நடப்பதில்லை. மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம்வரை அது தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரிக்கு மேல் போனால்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி மேலே. மூடி லூசாக இருந்தால் இத்தனையும் வீண்.

கை வைப்பதற்கு முன்

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. இதைத் தெரியாதவர்கள் யாருமில்லை. தெரிந்தேதான் திறந்து முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், அழுத்தம் போன அந்த நொடியில் மொத்தமாகக் கொதித்து எழும். என்ஜினை நிறுத்திக் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. தளர்வாக இருந்தால், மூடியின் மேல் தடித்த ஈரத்துணியைப் போட்டு முதல் வெட்டுவரை மட்டும் திருப்பி நிறுத்துங்கள். சீறும் ஓசை அடங்கிய பிறகு அழுத்தித் திருப்பி எடுங்கள்.

சமமான தரை, கை பிரேக், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவது நல்லது. சாமான்கள் அதிகம் தேவையில்லை: ஸ்பேனர் செட், திருப்புளி, கட்டிங் பிளேயர், உப்புத்தாள், டார்ச், பெரிய பிளாஸ்டிக் பேசின், பழைய செய்தித்தாள்.

பேசின் எதற்கு என்றால், கூலன்ட்டைத் தரையில் ஓடவிடக் கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

கசிவைத் தேடுவது

முந்தின இரவு வண்டிக்கு அடியில் செய்தித்தாள்களை விரித்துவிடுங்கள். முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று தாளில் ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் ஈரம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் பாதி வட்டாரம் தெரிந்துவிடும். பச்சை அல்லது சிவப்பு நிறம், இனிப்பு வாசனை, விரலில் பிசுபிசுப்பு இருந்தால் கூலன்ட். கறுப்பாக வழவழத்தால் ஆயில். அது வேறு கதை. கூலன்ட் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு நிறம் உதவாது. அவர்கள் துருக்கறையைத் தேட வேண்டும்.

பிறகு என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஹோஸ், கிளாம்ப், பம்ப், ரேடியேட்டர் எல்லாவற்றையும் துணியால் உலரத் துடைத்துவிடுங்கள். துடைக்கும்போதே கவனியுங்கள்: காய்ந்த கூலன்ட் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்காக ஒட்டியிருக்கும். சுண்ணாம்பு வழிந்த சுவர்போல அந்தத் தடம் மேலிருந்து கீழே வந்திருக்கும். தடத்தின் கீழ்முனையைப் பார்க்காமல், அது தொடங்கும் மேல்முனையைப் பாருங்கள்.

தண்ணீரை நிரப்பி, மூடியைப் போட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் துண்டு, வேட்டி நுனி, தொங்கும் சட்டைக் கை எதுவும் போகக் கூடாது. சூடு ஏறிய பிறகு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்: மூடி, மேல் ஹோஸின் இரண்டு முனை, தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் கூடு, பைபாஸ் ஹோஸ் (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீரைச் சுற்றவிடும் குறுக்கு வழி), பம்ப், ரேடியேட்டர் தகடுகள், கீழ் ஹோஸ், கடைசியாக வடிகால் திருகு. சூட்டில் எதுவும் தெரியாவிட்டால் ஏமாற வேண்டாம். சில கிளாம்புகள் குளிர்ந்து சுருங்கும்போது மட்டுமே ஒழுகும். மறுநாள் அதிகாலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள்.

குமுளிப் பட்டறைக்குப் போனால் "வெள்ளம் நோக்கியோ?" என்பதுதான் சேட்டனின் முதல் கேள்வி. தண்ணீர் பார்த்தாயா என்று அர்த்தம். அவருடைய மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நமக்கு அது ஊரையே அடித்துக்கொண்டு போவது. ரேடியேட்டரைப் பொறுத்தவரை அவர் சொல்தான் பொருத்தம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அவரிடம் மூடியின் இடத்தில் பொருத்திக் கைப்பம்பால் காற்றடிக்கும் அழுத்தமானி இருக்கிறது. வீட்டில் தேடிக் கிடைக்காத கசிவை என்ஜின் ஓடாமலே அது காட்டிவிடும். அடிக்கும் அழுத்தம் மூடியில் எழுதிய அளவைத் தாண்டக் கூடாது.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: மூடி

மூடியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ விறைத்திருந்தாலோ, ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். நடுவில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அது, என்ஜின் குளிரும்போது தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவது. அது அடைத்துக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சிய பால் பாக்கெட்போல ஒட்டிக் கிடக்கும். பழைய மூடியில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணில் வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் நல்லது என்று நினைத்து, நலிந்த ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டவர்கள் உண்டு.

சில பழைய ஜீப்களில் உபரித் தொட்டி கிடையாது. கழுத்திலிருந்து ஒரு குழாய் தரையைப் பார்த்து இறங்கும். அதில் வாய்வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து கொஞ்சம் வெளியே கொட்டத்தான் செய்யும். அது கசிவு இல்லை. கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்துங்கள்.

ஹோஸும் கிளாம்பும்

கிளாம்பில் கசிவு என்றால் முதலில் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நின்றால் சரி. நிற்காவிட்டால் முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். கிளாம்ப் ரப்பரை அறுக்கும். ஹோஸைக் கையால் பிதுக்கிப் பாருங்கள். நொறுங்கும் ஓசை கேட்டால், மடக்கும் இடத்தில் வெடிப்புகள் தெரிந்தால், முனை உப்பியிருந்தால், அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான். மேலும் கீழும் சேர்த்து மாற்றுவதே என் வழக்கம்.

ரேடியேட்டர் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து பேசினில் வடியுங்கள். எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப நிரப்பும்போது அந்தக் கணக்கு உதவும். கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை இடமும் வலமும் திருகிப் பிடிப்பை விடுவியுங்கள். நேராகப் பிடித்து இழுக்காதீர்கள், திருப்புளியால் நெம்பாதீர்கள். பித்தளை ரேடியேட்டரின் கழுத்து பற்றுவைத்து நிற்பது. நெம்பினால் ஹோஸ் வேலை ரேடியேட்டர் வேலையாகிவிடும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். தூக்கிப் போடப்போகிற ஹோஸ்தானே.

கழுத்தில் ஒட்டிய ரப்பரையும் பொருக்கையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துவிடுங்கள். புது ஹோஸ் போட்டும் ஒழுகுகிறது என்பவர்கள் இதைத்தான் விட்டிருப்பார்கள். பழைய ஹோஸைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வளைவும் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ஸ்பிரிங் இல்லாவிட்டால் வேகத்தில் ஹோஸ் ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஓட்டம் நிற்கும்.

புது ஹோஸில் கிளாம்ப்களை முதலிலேயே மாட்டிவிட்டுப் பிறகு கழுத்தில் ஏற்றுங்கள். மறந்துவிட்டு மறுபடி கழற்றாதவர் யாருமில்லை. வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ ஆயிலோ பட்டால் ரப்பர் உப்பிவிடும். கழுத்து முனையில் ஒரு மேடு இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேல் உட்கார்ந்தால் சூட்டில் நழுவும். அந்த இடத்தில் அனபாண்ட் என்னும் சீலன்ட் பசையைத் தடவுவது சோம்பேறி வேலை. நல்ல ஹோஸுக்கு அது தேவையே இல்லை. ஒரு முறை மலையேறி இறங்கி, வண்டி குளிர்ந்த பிறகு, கிளாம்ப்களை மறுபடி ஒரு இழுப்பு இறுக்குங்கள்.

வாட்டர் பாடி

பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் போனால் அதன் வழியாகத் தண்ணீர் சொட்டும். பேரிங் கெடுவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கத்தான் அந்தத் துளை. அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். என்ஜின் நின்றிருக்கும்போது விசிறி இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்; பேரிங் உடைந்தால் விசிறி ரேடியேட்டரைக் கிழிக்கும்.

மாற்றுவது கடினமில்லை, பொறுமை வேண்டும். பெல்ட், விசிறி, புல்லி, பிறகு பம்ப் போல்ட்கள். எந்த போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் பம்பின் படம் வரைந்து அதிலேயே குத்தி வையுங்கள், நீளங்கள் வேறுபடும். பம்புக்கும் என்ஜினுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது உலோகத்தைக் கீறாதீர்கள். புதிய பேக்கிங் வைத்து, போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்க வேண்டும். சில கார்களில் பம்பைத் தொடவே டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை வாசலில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியாதீர்கள்

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வண்டி சூடாகிறது என்றால் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. எனக்கு இதில் உடன்பாடில்லை. என்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் அதிகமாகும். பைபாஸ் வழியை மூடும் வகைத் தெர்மோஸ்டாட்டாக இருந்தால், அது இல்லாதபோது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும். கூட்டின் பேக்கிங்கில் கசிவு என்றால் பேக்கிங்கை மட்டும் மாற்றுங்கள். கழற்றிய கையோடு தெர்மோஸ்டாட்டைப் பழைய டப்பாவில் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் 82 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கும். சரியான எண் அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால்தான் குப்பைக்கு. சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள்.

ரேடியேட்டரும் துருப்பிடித்த பிளக்கும்

பித்தளை ரேடியேட்டரில் ஓட்டை என்றால் இறக்கிக் கழுவி ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பற்றுவைத்தால் ஒரு இடத்தை அடைக்கக் காட்டும் சூட்டில் பக்கத்து இணைப்பு இளகும். அலுமினியத் தகடும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட பிற்கால வகை என்றால் பற்றே பிடிக்காது, மாற்றுவதுதான் வழி. மஞ்சள் தூள் கரைத்து ஊற்றும் பழைய தந்திரம் நடுவழியில் ஊசித்துளையை அடைத்து வீடு சேர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அது ஓட்டையைத் தேடி மட்டும் போவதில்லை. குறுகிய குழாய்களிலும் படியும். வீடு வந்ததும் முழுவதும் கழுவ வேண்டும்.

என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் காசுபோல வட்டத் தகடுகள் இருக்கும். அவைதான் பிளக். உள்ளிருந்து துருத் தின்று அவை ஒழுகினால், வருடக்கணக்காக வெறும் தண்ணீர் ஊற்றியதன் பலன் என்று அறியுங்கள். தகட்டின் ஒரு ஓரத்தில் உளி வைத்துத் தட்டி, அது புரண்டதும் பிளேயரால் பிடுங்கி எடுங்கள். ஓங்கி அடித்து உள்ளே விழவைத்தால் பிறகு அழத்தான் வேண்டும். வாயைத் தேய்த்துச் சுத்தம் செய்து, லேசாகச் சீலன்ட் தடவி, பொருந்துகிற சாக்கெட்டை வைத்து நேராக அடித்து இறக்குங்கள்.

வீட்டு வேலையை எங்கே நிறுத்த வேண்டும்

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது. காலையில் குளிர்ந்த என்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் கழுத்தில் குமிழிகள் ஓயாமல் வருகின்றன. ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் விறைக்கிறது. ஆயில் குச்சியில் பால் கலந்த டீ நிறம். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே ஹெட் பேக்கிங்கை, அதாவது என்ஜின் பிளாக்கை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கைச் சந்தேகியுங்கள். ஹெட்டை இறக்கி மட்டம் பார்த்துச் சீவ வேண்டியிருக்கும். அது பட்டறை வேலை. ஆயிலில் தண்ணீர் கலந்த வண்டியைப் பட்டறைவரைகூட ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

திரும்ப நிரப்புவது

வடிகாலில் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். நிரப்புவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம்; அதன் உப்பு உள்ளே பாறையாகப் படியும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாமல் லேபிளைப் பாருங்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. முன்பே கலந்து விற்கும் வகை என்றால் அப்படியே ஊற்றுங்கள். பித்தளையும் ஈயப்பற்றும் உள்ள ரேடியேட்டருக்குப் பழைய வகைப் பச்சைக் கூலன்ட்டையே நான் ஊற்றுகிறேன், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். நிறம் வெறும் சாயம்தான். ஒரு வகையோடு இன்னொரு வகையைக் கலக்காதீர்கள்.

"கூலன்ட் ஊற்றியதிலிருந்துதான் ஒழுகுகிறது" என்று கூலன்ட்டைத் திட்டுபவர்கள் உண்டு. ஓட்டை முன்பே இருந்தது. துருவும் பாறையும் அதை அடைத்திருந்தன. கழுவியதும் கூலன்ட் ஊற்றியதும் அந்த அடைப்பு கரைந்தது, அவ்வளவுதான்.

வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். எங்கள் ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை. ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். மெதுவாக நிரப்பி, மூடி போடாமல் என்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்குங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் காற்று குமிழியாக வெளியேறி மட்டம் சட்டென்று இறங்கும். இறங்கியதை நிரப்பி மூடியைப் போடுங்கள். வடித்த அளவும் ஊற்றிய அளவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். கழுவும்போது பிளாக்கையும் வடித்திருந்தால் கூடுதலாகப் பிடிக்கும். மிகக் குறைவாக ஏறினால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. அன்றிரவும் செய்தித்தாளை விரியுங்கள்.

வளைவில் ஹோஸ் வெடித்துவிட்டால்

ஆவி பறந்தாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். காத்திருங்கள். ஆறிய பிறகு ஹோஸைத் துடைத்து, சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு பக்கமும் கம்பியால் கட்டுங்கள். மூடியை முதல் வெட்டில் மட்டும் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கும். அதற்குப் பதில் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் மெதுவாக ஓட்ட வேண்டும். காய்ந்து கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் வெடிக்கும். நன்றாக ஆறவிட்டு, என்ஜினை ஓடவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

பழுது பார்த்த பின் முதல் முறை ஏறும்போது சுமை ஏற்றாதீர்கள். குமுளிச் சோதனைச் சாவடிக்கு முன்பாகவே ஒதுங்கி, இரண்டு நிமிடம் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மூடியைத் தொடாமல், வண்டிக்கு அடியில் மட்டும் குனிந்து பாருங்கள்.